கல்லூரி வளாகத்துக்கு வெளியே இசைப் பாடம்: விதிகளை எப்படி வரைவது?

கேள்வி: வாய்ப்பாட்டுத் துறை ஆசிரியை

வணக்கம். பல்கலைக்கழக இணைப்புப் பெற்ற ஒரு தனியார் இசைக் கல்லூரியில் வாய்ப்பாட்டு ஆசிரியையாக இருக்கிறேன். வளாகத்துக்கு வெளியே ஆசிரியர்கள் மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது பற்றி எழுத்து வடிவில் விதிகள் வேண்டுமென்று எங்கள் ஆட்சிக்குழு முடிவு செய்து, வரைவைத் தயாரிக்கும் வேலையை என்னிடமும் என் துறையைச் சேர்ந்த இன்னொருவரிடமும் கொடுத்திருக்கிறது. இதுவரை எங்களிடம் வழக்கம் மட்டும்தான் உண்டு. எழுதிவைத்த விதி ஒன்றுமில்லை.

நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். கல்லூரி காலை 9.30 மணிக்குத் திறந்து மாலை 4.30 மணிக்குப் பூட்டப்படுகிறது. முதன்மைப் பாடமாக வாய்ப்பாட்டை எடுத்தவர்கூட எட்டுப் பத்துப் பேர் கொண்ட வகுப்பில்தான் உட்கார வேண்டும். வர்ணத்தையும் கீர்த்தனையையும் அப்படிக் கற்றுவிடலாம். ஆலாபனை, நிரவல், கல்பனா ஸ்வரம் போல அவரவர் கற்பனையில் பாட வேண்டிய மனோதர்மப் பகுதிகளைக் கும்பலாகச் சொல்லித்தர முடியாது என்பது இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்குத் தெரிந்ததுதான். ஆகவே இரண்டாம் ஆண்டு வந்தவுடன் ஏறக்குறைய எல்லோரும் ஏதாவது ஓர் ஆசிரியரின் வீட்டுக்குப் போகத் தொடங்கிவிடுகிறார்கள். சிலர் கட்டணம் வாங்குவதில்லை; சிலர் வாங்குகிறார்கள்; சிலர் வாங்குவதற்குக் கட்டணம் என்று பெயர் சொல்வதில்லை. டிசம்பரில் ஆசிரியர் கச்சேரிக்குப் போனால் தம்புரா போடவும் பின்பாட்டுப் பாடவும் மாணவர்கள் உடன் செல்கிறார்கள். ஜனவரியில் தியாகராஜ ஆராதனைக்காகத் திருவையாறு பயணம் இருக்கிறது. பட்டயப் படிப்பில் சேருகிறவர்களில் சிலருக்கு 18 வயது நிறைவடைந்திருக்காது.

என்னுடன் வரைவெழுதும் நண்பர் ஒரே வரியில் முடித்துவிடலாம் என்கிறார்: "வளாகத்துக்கு வெளியே எவ்வகைப் பாடமும் நடத்தக் கூடாது." அவர் அச்சத்தில் நியாயம் இருக்கிறது. 2018-இல் மீ டூ எனப்பட்ட பாலியல் துன்புறுத்தல் குற்றச்சாட்டுகள் எழுந்தபோது சென்னை மியூசிக் அகாடமி தன் டிசம்பர் விழாவிலிருந்து சில கலைஞர்களை விலக்கியதையும், 2023-இல் சென்னையின் கலாக்ஷேத்ரா கலைக் கல்லூரியில் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிராக மாணவிகள் அமர்ந்து போராடிய பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி கண்ணன் தலைமையில் விசாரணைக் குழு அமைக்கப்பட்டதையும் நாங்கள் இருவருமே மறக்கவில்லை. ஆனால் அப்படி ஒரு விதியை இன்று போட்டால் நாளைக்கே எல்லோரும் அதை மீறுவார்கள். மீறியவர்கள் என்பதாலேயே, உண்மையில் ஏதாவது நேர்ந்தால் மாணவர்கள் வாய் திறக்க மாட்டார்கள் என்பது என் கவலை. வீட்டில் பாடம் எடுக்கலாமா, எடுத்தால் பணம் வாங்கலாமா, பயணத்துக்கு யார் பொறுப்பு, ஆன்லைன் வகுப்பும் இதில் சேருமா என்பவற்றில் அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1: ஓய்வுபெற்ற வயலின் ஆசிரியர்

அம்மா, உங்கள் நண்பரின் ஒருவரி விதியை நான் என் பணிக்காலத்திலேயே பார்த்திருக்கிறேன். அறிவிப்புப் பலகையில் ஒட்டிய அந்தச் சுற்றறிக்கைக்குக் கீழே நின்றுகொண்டே, "ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கு வா" என்று ஆசிரியர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனவே அதை விட்டுவிடுங்கள்.

இந்த விஷயத்தைப் பேசும்போதெல்லாம் யாராவது ஒருவர் குருகுலத்தை இழுத்துக்கொண்டு வருவார். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் பூச்சி ஸ்ரீநிவாச ஐயங்காரிடம் இருந்து கற்கவில்லையா என்பார். கற்றார், ஆனால் அந்த ஏற்பாட்டில் அகமதிப்பீட்டு மதிப்பெண் கிடையாது, செமஸ்டர் கிடையாது, வருகைச் சதவீதமும் கிடையாது. சிஷ்யனுக்குச் சோறு போட்டவர் குரு. சிஷ்யன் மேடையில் தடுமாறினால் தலைகுனிந்தவரும் குருதான். இன்றைக்கோ வீட்டில் பாடம் சொல்லி மாதக் கட்டணம் வாங்குகிறவரே கல்லூரியில் செய்முறைத் தேர்வுக்கு மதிப்பெண் போடுகிறவராகவும் இருக்கிறார். குருகுலத்தின் நெருக்கத்தை வைத்துக்கொண்டோம், அதற்குரிய கடமைகளைக் கழற்றிவிட்டோம். கல்லூரியின் அதிகாரத்தை வைத்துக்கொண்டோம், அதற்குரிய கட்டுப்பாடுகளை வாசலிலேயே விட்டுவிட்டோம். உங்கள் விதி பாடம் நடக்கும் இடத்தைப் பற்றிக் கவலைப்படுவதைவிட இந்தச் சேர்க்கையைப் பிரிப்பதில் கவனம் செலுத்த வேண்டும்.

பணத்தைப் பற்றித் தயங்காமல் எழுதுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளில் ஆசிரியர்களுக்கான தொழில் நெறிகள் இருக்கின்றன. வகுப்பு நேரத்துக்கு அப்பாலும் மாணவர்களுக்குக் கிடைக்கக்கூடியவராக ஆசிரியர் இருக்க வேண்டும், ஊதியமோ வெகுமதியோ இல்லாமல் அவர்களுக்கு வழிகாட்ட வேண்டும் என்று அவை சொல்கின்றன. தம் பணிப் பொறுப்புகளுக்கு இடையூறாகும் தனி டியூஷனைத் தவிர்க்க வேண்டும் என்றும் அதே நெறிகள் சொல்கின்றன. இரண்டையும் சேர்த்துப் படித்தால் பொருள் தெளிவு: மாலையில் கூப்பிட்டுச் சொல்லிக்கொடுப்பதில் பிழையில்லை, அதற்குத் தன் மாணவனிடமே காசு வாங்குவதுதான் பிழை. வெளியாட்களுக்கு வீட்டில் வகுப்பெடுத்துச் சம்பாதிப்பதைக் கல்லூரி அனுமதிக்கிறதா இல்லையா என்பது வேறு கேள்வி. அதை இதோடு கலக்காதீர்கள்.

ஒரு பழைய சம்பவம். என்னுடன் பணியாற்றிய ஒருவரின் வீட்டு வகுப்பில் சேராத ஒரு மாணவி, மூன்று காலத்திலும், அதாவது மூன்று வேகத்திலும், வர்ணத்தைப் பிசகில்லாமல் வாசிப்பாள். நானே காதால் கேட்டிருக்கிறேன். அவளுக்குத் தேர்ச்சிக்குத் தேவையான அளவுக்கு மேல் ஐந்தோ ஆறோ மதிப்பெண்தான் வந்தது. வேண்டுமென்றே செய்தார் என்று நான் சொல்லவில்லை. தினமும் வீட்டில் கேட்டுப் பழகிய வாசிப்பு அவர் காதுக்கு இனிமையாகவும், கேட்டுப் பழகாதது அந்நியமாகவும் இருந்திருக்கலாம். எதுவாக இருந்தாலும், தன் வீட்டுக்கு வரும் மாணவர் ஒருவராவது இருக்கும் வகுப்பின் செய்முறைத் தேர்வில் அந்த ஆசிரியர் தேர்வாளராக உட்காரக் கூடாது என்று ஒரு வரி இருந்திருந்தால் அந்தப் பெண் அப்படி அழுதிருக்க மாட்டாள்.

விஜயதசமிக்கு வெற்றிலை பாக்கு, பழம், ஒரு வேட்டி வைத்து வணங்குவதை யாரும் தடுக்க வேண்டாம். தங்கக் காசு வைப்பதைத் தடுங்கள். எங்கே கோடு போடுவது என்று கேட்டால், வசதியற்ற மாணவரால் வைக்க முடியாத எதையும் வசதியுள்ள மாணவரிடமிருந்தும் வாங்கக் கூடாது என்பதே என் அளவுகோல்.

பதில் 2: வழக்கறிஞர், ஒரு கல்லூரியில் பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் உள் புகார்க் குழுவில் வெளி உறுப்பினர்

மேலே ஐயா சொன்னவற்றோடு உடன்படுகிறேன். சட்டப் பக்கத்தில் சில விஷயங்களைச் சேர்க்கிறேன்.

"வளாகத்துக்கு வெளியே நடப்பவற்றுக்குக் கல்லூரி பொறுப்பல்ல" என்ற வாக்கியம் உங்கள் வரைவில் எங்காவது இருந்தால் முதலில் அதை அடித்துவிடுங்கள். பல கல்லூரிகள் அதை ஒரு கவசம் என்று நினைத்து எழுதிவைக்கின்றன. அது கவசமாக வேலை செய்யாது. உயர்கல்வி நிறுவனங்களில் பாலியல் துன்புறுத்தலைத் தடுப்பதற்கான பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் வளாகம் என்ற சொல்லுக்குத் தரும் விளக்கம் மதில் சுவரோடு முடிவதில்லை. மாணவர் என்ற முறையில் ஒருவர் செல்லும் இடங்கள், நிறுவனம் ஏற்பாடு செய்த போக்குவரத்து, கல்விச் சுற்றுலா, முகாம், கலைவிழா நடக்கும் இடம் எல்லாம் அதற்குள் வருகின்றன. பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டமும் பணியிடம் என்பதற்குள் குடியிருப்பு வீட்டைச் சேர்த்திருக்கிறது. ஆக, ஆசிரியரின் கூடத்தில் ஜமக்காளம் விரித்து நடக்கும் பாடம் கல்லூரிப் பாடத்தின் தொடர்ச்சி என்று காட்ட முடிந்தால், அங்கே நடந்ததற்கும் கல்லூரியின் உள் புகார்க் குழுதான் விசாரணை நடத்த வேண்டியிருக்கும்.

தொடர்ச்சியா இல்லையா என்பதில்தான் வழக்குகள் சிக்கிக்கொள்கின்றன. "அது என் சொந்த டியூஷன், கல்லூரிக்குச் சம்பந்தமில்லை" என்று ஆசிரியர் சொல்வார். "அங்கே போகாவிட்டால் அகமதிப்பீட்டில் குறையும் என்றுதான் போனேன்" என்று மாணவி சொல்வார். அதனால் ஒரு பதிவேடு வையுங்கள். எந்த ஆசிரியர், எந்த மாணவர், எந்தக் கிழமை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எந்த முகவரியில் என்று முதல்வர் அலுவலகத்தில் எழுதியிருந்தால், அந்தப் பாடம் கல்லூரியின் கண்ணுக்குள் வந்துவிடுகிறது. பதிவு செய்யாமல் நடத்துவது மட்டுமே ஒழுங்கு நடவடிக்கைக்கு உரியது என்றும், அதில் மாணவருக்கு எந்தத் தண்டனையும் இல்லை என்றும் வெளிப்படையாக எழுதுங்கள். நீங்கள் சொன்ன அந்தக் கவலை, அதாவது விதியை மீறியதாலேயே மாணவர் வாய் மூடிக்கொள்வார் என்பது, இப்படித்தான் தீரும்.

பதினெட்டு வயது நிறையாதவர்கள் விஷயம் தனி. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டத்தின்படி அவர்கள் குழந்தைகள். கல்வி நிறுவனத்தின் பணியாளர் அந்த நிறுவனத்தில் உள்ள குழந்தைக்கு எதிராகச் செய்யும் பாலியல் குற்றத்தை அந்தச் சட்டம் கடுமையான வகையில் சேர்த்திருக்கிறது. அதோடு, அப்படி ஒன்று நடந்தது என்று தெரிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்று அதன் 19-ஆம் பிரிவு சொல்கிறது; தெரிவிக்காததற்கு 21-ஆம் பிரிவில் தண்டனை உண்டு, நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவருக்கு அது இன்னும் அதிகம். "முதலில் நமக்குள் விசாரித்துவிட்டுப் பிறகு பார்க்கலாம்" என்று முதல்வர் ஒருவர் நல்லெண்ணத்தில் சொன்னாலும் அவரே குற்றம் செய்தவராகிவிடுவார். குழந்தைகளுக்கான 1098 என்ற உதவி எண்ணை விதிநூலின் கடைசிப் பக்கத்தில் போடாமல் முதல் பக்கத்தில் அச்சிடுங்கள்.

காலக்கெடுவையும் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும். உள் புகார்க் குழுவிடம் நிகழ்வு நடந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்து மூலம் புகார் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு மேலும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். விசாரணை 90 நாட்களில் முடிய வேண்டும். இசைத்துறையில் ஒரு பெண் தனக்கு நேர்ந்ததைத் தானே புரிந்துகொள்ளவே பல மாதங்கள் ஆகிவிடுகின்றன என்பதால், இந்தக் கெடு தெரியாமலே பலரும் வாய்ப்பை இழக்கிறார்கள்.

பதில் 3: மிருதங்க ஆசிரியர்

பெரியவர்கள் இருவரும் சொன்னதை மதிக்கிறேன். ஆனால் இப்படிப்பட்ட விதிகளைப் பெரும்பாலும் வாய்ப்பாட்டுக்காரர்களே எழுதுவதால் எங்களுக்கு ஒரு சங்கடம் வருகிறது. "பாடம் நடக்கும்போது அறைக் கதவு திறந்திருக்க வேண்டும்" என்று ஒரு வரியை நிச்சயம் யாராவது சேர்ப்பார்கள். நான் அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாம் மாடியில் இருக்கிறேன். கதவைத் திறந்துவைத்து இரண்டு மிருதங்கம் முழங்கினால் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்துவிடுவார். தவில் வாசிப்பவர்கள் நிலைமையைச் சொல்லவே வேண்டாம்.

கதவுக்குப் பதிலாக ஆட்களை வைத்து விதி எழுதுங்கள். ஒரு நேரத்தில் குறைந்தது இரண்டு மாணவர்கள் இருக்க வேண்டும். ஒருவர் முடித்துக் கிளம்புவதற்கு முன் அடுத்தவர் வந்துவிட வேண்டும். இது பாதுகாப்புக்காக மட்டும் சொல்வதில்லை, பாடத்துக்கும் நல்லது. ஒருவன் வாசிக்கும்போது இன்னொருவன் தாளம் போட்டுக்கொண்டு கேட்டால் இருவருக்கும் காலப்பிரமாணம், அதாவது சீரான வேகம், நிற்கும். தனி ஆவர்த்தனத்தில் இருவர் மாறி மாறிச் சுருக்கிக்கொண்டே போகும் குறைப்பு வாசிக்கப் பழகுவதற்கு எதிரே இன்னொருவர் இல்லாமல் எப்படி முடியும்? மனோதர்மத்தைக் கும்பலாகச் சொல்லித்தர முடியாது என்று கேள்வி கேட்ட அம்மா எழுதியிருக்கிறார்கள். பத்துப் பேருக்கு முடியாது என்பது உண்மைதான், இரண்டு மூன்று பேருக்கு முடியும். நிரவலில் ஒருவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர் எடுப்பதைக் கச்சேரியிலேயே பார்க்கிறோமே.

யாரும் எழுதத் தயங்கும் இன்னொன்று, தொடுவது. மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலையில் விரல் விழும் இடத்தை, வயலினில் வில் பிடிப்பைத் திருத்த வேண்டியிருக்கும். தரையில் உட்கார்ந்து வயலினின் தலைப்பகுதியைக் கணுக்காலில் சாய்த்து வைக்கும் நம் முறையில், உட்காரும் விதத்தையே மாற்றச் சொல்ல வேண்டியிருக்கும். நான் முதலில் என் கையில் செய்து காட்டுவேன். அதிலும் வராவிட்டால் "கையைப் பிடித்துக் காட்டட்டுமா" என்று கேட்டுவிட்டு விரலையோ மணிக்கட்டையோ மட்டும் தொடுவேன். கேட்ட பிறகு, கையளவில் மட்டும் என்று எழுதிவிட்டால் போதும். மூச்சு வாங்குவதைக் காட்டுகிறேன் என்று வயிற்றிலோ விலாவிலோ கை வைப்பதற்கு எந்தப் பாடத்திலும் இடமில்லை. அதைத் தன் உடம்பிலேயே காட்டலாம்.

ஆன்லைன் பற்றிக் கேட்டீர்கள். கொரோனா காலத்தில் எல்லோரும் செய்து பார்த்தோம். ஒலி வந்து சேர்வதில் தாமதம் இருப்பதால் இருவர் சேர்ந்து தாளம் போட முடியாது. சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லும் பாடத்துக்கும், பதிவு அனுப்பித் திருத்துவதற்கும்தான் அது உதவும். விதியில் அதையும் சேருங்கள், ஆனால் கல்லூரி கொடுத்த கணக்கிலிருந்துதான் இணைப்பு போக வேண்டும் என்று சொல்லுங்கள். இரவு 11 மணிக்கு வாட்ஸ்அப்பில் "அந்தப் பிடியை இன்னொரு தடவை பாடி அனுப்பு" என்று செய்தி போவதையும் பாடம் என்றே கொள்ள வேண்டும். அதற்கும் நேரக்கட்டுப்பாடு வேண்டும்.

பதில் 4: முன்னாள் மாணவி

இந்த உரையாடலில் மாணவர் பக்கத்திலிருந்தும் ஒருவர் பேச வேண்டும் என்று எழுதுகிறேன். எனக்கு நேர்ந்தவை பெரிய குற்றங்கள் அல்ல. அதனால்தான் அவற்றைச் சொல்ல நினைக்கிறேன். பெரிய குற்றங்களுக்குச் சட்டம் இருக்கிறது என்று மேலே விளக்கிவிட்டார்கள்.

நான் படித்த காலத்தில் என் ஆசிரியையின் கச்சேரிகளுக்குத் தம்புரா போடப் போவேன். ஒரு முறை வெளியூர்க் கச்சேரி முடிய இரவு 9.30 ஆகிவிட்டது. ஆசிரியையும் பக்கவாத்தியக்காரர்களும் காரில் கிளம்பினார்கள்; காரில் இடமில்லை. நானும் இன்னொரு பெண்ணும் பேருந்து நிலையத்தில் நள்ளிரவு தாண்டும் வரை உட்கார்ந்திருந்தோம். எதுவும் நடக்கவில்லை. ஆனால் நாங்கள் எப்படித் திரும்புவோம் என்று அன்று காலையிலிருந்து யாருமே கேட்கவில்லை என்பது இப்போதும் எனக்கு உறுத்துகிறது. கச்சேரிக்கு மாணவரை அழைத்துப் போனால், வீடு அல்லது விடுதி வாசல் வரை திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பது அழைத்துப் போனவரின் பொறுப்பு என்று தயவுசெய்து எழுதுங்கள். தங்க நேர்ந்தால் எங்கே, யாருடன் என்பதும் முன்பே எழுத்தில் இருக்க வேண்டும். பின்பாட்டுப் பாடியவருக்குச் சன்மானத்தில் பங்கு உண்டா என்பதையும் சேர்த்தால் நல்லது. நான் ஒரு ரூபாயும் பார்த்ததில்லை, கேட்கவும் தோன்றவில்லை.

வீட்டுப் பாடத்தில் வேறு மாதிரி. ஆறு மணிக்குப் பாடம் என்று சொல்லி ஐந்து மணிக்கு வரச் சொல்வார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் மாவு அரைத்திருக்கிறேன், அவர்கள் குழந்தையைப் பள்ளியிலிருந்து கூட்டிவந்திருக்கிறேன், மின்கட்டணம் கட்டியிருக்கிறேன். சேவை என்று அதற்குப் பெயர். மறுத்தால் திட்ட மாட்டார்கள். அடுத்த நான்கு வாரம் புதிய பாட்டு வராது, பழையதையே பாடச் சொல்வார்கள். பாட்டைப் பிடித்து வைத்துக்கொள்வது என்று நாங்கள் எங்களுக்குள் சொல்வோம். இதை எந்தக் குழுவிடம் புகாராக எழுத முடியும்? ஆகவே வீட்டு வேலை, சொந்த வேலை எதையும் மாணவரிடம் சொல்லக் கூடாது என்று விதியிலேயே பெயர் சொல்லி எழுதினால்தான் ஒரு பெண்ணுக்கு "விதி அப்படி இருக்கிறது அம்மா" என்று சொல்ல வாய் வரும்.

இன்னும் ஒன்று. எங்கள் கல்லூரியில் புகார்க் குழுவின் தலைவராக இருந்தவர் என் ஆசிரியையுடன் ஒரே குருவிடம் கற்றவர். இந்தத் துறையில் எல்லோரும் எல்லோருக்கும் ஏதாவது ஒரு வகையில் வேண்டியவர்கள். வழக்கறிஞர் ஐயாவைப் போன்ற வெளி உறுப்பினரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் சேர்க்கை நாளன்றே மாணவர் கையில் கொடுத்துவிட வேண்டும்.

பதில் 5: லண்டனில் வார இறுதி இசைப்பள்ளி நடத்துபவர்

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். வெளிநாட்டுக் கல்லூரிகளின் விதிகளை இணையத்திலிருந்து எடுத்து அப்படியே தமிழாக்க வேண்டாம் என்று சொல்வதற்காக மட்டும் எழுதுகிறேன். இங்கிலாந்தில் நம்பிக்கைக்குரிய பொறுப்பில் இருப்பவர் 18 வயதுக்குட்பட்டவருடன் பாலியல் உறவு கொள்வது 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பள்ளி, கல்லூரி ஆசிரியர்கள் அதற்குள் வருவார்கள். 2022-இல் விளையாட்டுப் பயிற்சியாளர்களையும் சமயப் போதகர்களையும் சேர்த்தார்கள். வீட்டில் தனியாக இசை கற்பிப்பவரைச் சேர்க்கவில்லை. இத்தனைக்கும், தனி ஒருவருக்குத் தனி ஒருவர் கற்பிக்கும் முறையில் உள்ள ஆபத்தைச் சிறப்பு இசைப் பள்ளிகளை விசாரித்த அரசு விசாரணை ஆணையம் அதே 2022-இல் வெளியிட்ட அறிக்கையில் விரிவாகவே பேசியிருந்தது. நிறுவனத்தின் வாசலோடு நிற்கும் பாதுகாப்பு இசை மாணவருக்குப் போதாது என்பதற்கு நான் வாழும் ஊரே உதாரணம்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

எல்லோருக்கும் நன்றி. வரைவை மாற்றி எழுதியிருக்கிறோம். "வளாகத்துக்கு வெளியே" என்று தொடங்கிய தலைப்பையே எடுத்துவிட்டு, "கல்லூரி மாணவருக்கு எங்கு நடத்தப்படும் பாடத்துக்கும்" என்று தொடங்கியிருக்கிறோம். சொந்த மாணவரிடம் கட்டணம் கிடையாது, பதிவேடு உண்டு, ஒரு நேரத்தில் இருவருக்குக் குறையாமல், வீட்டுக்கு வருபவர் இருக்கும் வகுப்புக்கு அந்த ஆசிரியர் தேர்வாளர் ஆக மாட்டார், வீட்டு வேலை கூடாது, பயணத்தில் திரும்பச் சேர்ப்பது அழைத்துப் போனவர் பொறுப்பு. என் நண்பரும் ஏறக்குறைய ஒப்புக்கொண்டுவிட்டார். கட்டணம் பற்றிய வரியை மட்டும் இரண்டு மூத்த ஆசிரியர்கள் எதிர்க்கிறார்கள். கல்லூரி தரும் சம்பளத்தைச் சொல்லி அவர்கள் கேட்கும் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அதை ஆட்சிக்குழுவிடமே வைத்துவிடப் போகிறேன். வெளியூர்ப் பயணத்துக்கும் வீட்டுப் பாடத்துக்கும் எல்லா மாணவிகளும் பெற்றோரின் ஒப்புதல் கடிதம் தர வேண்டும் என்று நண்பர் ஒரு வரி சேர்த்திருக்கிறார். அது சரிதானே?

பதில் 6: வழக்கறிஞர்

சரியில்லை. 18 வயது நிறையாதவருக்கு, ஆணோ பெண்ணோ, பெற்றோர் அல்லது பாதுகாவலரின் கடிதம் வேண்டும். நிறைந்தவருக்கு அவருடைய சொந்தக் கையொப்பம் போதும். 21 வயதுப் பெண்ணிடம் அப்பாவின் கடிதம் கேட்டு, அதே வயதுப் பையனிடம் கேட்காமல் விட்டால், பாதுகாப்பு என்ற பெயரில் மாணவிகளின் பயிற்சி நேரத்தைத்தான் குறைப்பீர்கள். அப்பா மறுத்துவிட்ட வீட்டுப் பெண்ணுக்கு ராகம் தானம் பல்லவியை யார் சொல்லிக்கொடுப்பார்கள்? அவசரத்துக்குத் தொடர்புகொள்ள வேண்டியவர் பெயரை எல்லோரிடமும் கேட்டு வாங்குங்கள், அது வேறு. எந்தக் கடிதமானாலும், அதில் "நேரும் எதற்கும் கல்லூரி பொறுப்பாகாது" என்ற சொற்றொடர் நுழையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது எப்படியோ உள்ளே வந்துவிடும்.

பதில் 7: மிருதங்க ஆசிரியர்

அம்மா, முதலில் கேட்க வேண்டியதை இப்போது கேட்கிறேன். உங்கள் கல்லூரியை 4.30 மணிக்கு ஏன் பூட்டுகிறீர்கள்?

கேள்வி கேட்டவரின் மறுமொழி

காவலாளியின் பணி நேரம் அதோடு முடிகிறது என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை என்று இன்று அலுவலகத்தில் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். சாலையைப் பார்த்த பக்கத்தில் இரண்டு அறைகளை இரவு 7.30 வரை திறந்துவைக்கவும், ஒருவருக்குக் கூடுதல் நேரச் சம்பளம் கொடுக்கவும் என்ன செலவாகும் என்று கணக்கர் எழுதிக் கொடுத்திருக்கிறார். விதி வரைவுக்கு மேலே அந்தத் தாளை வைத்து ஆட்சிக்குழுவுக்கு அனுப்புகிறேன். திருவையாற்றுக்கு இந்த ஆண்டு செல்லும் பதினொரு பேரில் மூவருக்கு 18 ஆகவில்லை. அவர்கள் வீட்டுக்குக் கடிதப் படிவம் நாளை போகிறது.